மங்கி எரியும் மையங்கள்

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபம் ஏற்றும் இரவை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். மலை உச்சியில் கொப்பரையிலே ஒரே பெருஞ்சுடர். கீழே ஊருக்குள், வீட்டுக்கு வீடு திண்ணையிலே அகல் விளக்குகள். இப்பொழுது சற்றுக் கற்பனை செய்து பாருங்கள். பல மைல்களுக்கு அப்பால், கண்பார்வை மங்கிய ஒருவர் நிற்கிறார். அவருக்குத் தெரிவதெல்லாம் கலங்கலான ஓர் ஒளித் திட்டு மட்டுமே. அது ஒரு கொப்பரையில் எரியும் தீபமா? அல்லது ஆயிரம் அகல்கள் சேர்ந்து காட்டும் வெளிச்சமா? எதைக் கொண்டு அவர் சொல்வார்?

இது வெறும் விடுகதையன்று. வான நூலார் 40 ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்துவரும் ஒரு கேள்வியின் சாரம் இதுதான். விண்மீன் திரள்கள் பலவற்றின் மையத்தில் ஒரு மங்கிய நெருப்பு எரிகிறது. அதற்கு எண்ணெய் வார்ப்பது யார் என்பதே கேள்வி. என் சொந்த ஆராய்ச்சியிலும் இதே கேள்வி என்னை ஒருமுறை தடுக்கி விழ வைத்தது. அந்தக் கதையை உரிய இடத்தில் சொல்கிறேன்.

பெரு நெருப்புகள்

நமது சூரியனைப் போன்ற பல்லாயிரம் கோடி விண்மீன்கள் கூடியது ஒரு விண்மீன் திரள். அதன் ஒளியெல்லாம் விண்மீன்களின் ஒளிதான் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். 1943ஆம் ஆண்டில் கார்ல் சைஃபர்ட் என்ற அமெரிக்க அறிஞர், சில திரள்களின் நடுப்பகுதி மட்டும் தனித்துப் பளிச்சிடுவதையும், அங்குள்ள வாயு விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதையும் எடுத்துக் காட்டினார். 1963இல் மார்ட்டன் ஷ்மிட் '3சி 273' என்னும் குவேசார் 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் அப்பால் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவ்வளவு தொலைவிலிருந்தும் அது சிறு தொலைநோக்கிக்குத் தென்படுகிறது என்றால், அதன் உண்மையான ஒளி எத்தனை பெரிதாக இருக்க வேண்டும்!

அத்தகைய ஒளியைத் தருவது எது? சூரியனுக்குள் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது, ஆயிரம் கிராமில் ஏறத்தாழ ஏழு கிராம்தான் ஆற்றலாகிறது. ஆனால் ஒரு பெரிய கருந்துளையைச் சுற்றித் தட்டுப் போலச் சுழன்று, உராய்ந்து, சூடேறி, உள்ளே விழும் பொருள், ஆயிரம் கிராமுக்குச் சுமார் நூறு கிராம் ஆற்றலைக் கொடுக்க வல்லது. ஆண்டுக்கு ஒரு சூரியன் அளவுப் பொருள் இப்படி விழுந்தால் போதும். ஒன்றரை லட்சம் கோடி சூரியன்களின் ஒளி கிடைத்துவிடும். குவேசாருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. பெரு நெருப்பைப் பொறுத்தவரை வழக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. வழக்கு நீள்வது சிறு நெருப்பில்தான்.

லைனர் என்னும் பெயர்

1980இல் டிமோத்தி ஹெக்மன் என்பவர் அருகிலுள்ள திரள்களின் மையங்களை நிறமாலை கொண்டு ஆராய்ந்தார். அவற்றில் பல, சைஃபர்ட் கண்ட வகையைப் போல ஓங்கி எரியவில்லை. ஆயினும் முற்றிலும் அவிந்தும் இல்லை. அங்கிருந்த வாயு மங்கலாக, ஆனால் விசித்திரமான விதத்தில் ஒளிர்ந்தது. 'குறைவாக அயனியான கருப்பகுதி' என்னும் பொருள்படும் நீண்ட ஆங்கிலத் தொடரைச் சுருக்கி, அவற்றுக்கு 'லைனர்' என்று பெயரிட்டார்.

விசித்திரம் என்ன என்பதை ஆக்ஸிஜனைக் கொண்டு விளக்கலாம். ஆக்ஸிஜன் அணுவிலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். இரண்டாவது எலக்ட்ரானைப் பிடுங்க மேலும் 35.1 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். ஆகவே எலக்ட்ரான் இழக்காத ஆக்ஸிஜன், ஒன்றை இழந்தது, இரண்டை இழந்தது ஆகிய மூன்றும் நிறமாலையில் வெவ்வேறு கோடுகளாகத் தெரியும்போது, அவற்றின் ஒப்பீட்டு வலிமையே நமக்குச் சாட்சி.

இளம் விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகத்தில், எலக்ட்ரான் இழக்காத ஆக்ஸிஜனின் கோடு மிகவும் சோர்ந்திருக்கும். சைஃபர்ட் வகையில், இரண்டை இழந்த ஆக்ஸிஜனின் கோடு ஓங்கி நிற்கும். லைனரிலோ, ஒன்றை இழந்ததன் கோடு இரண்டை இழந்ததன் கோட்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ உள்ளது. ஒன்றுமே இழக்காததன் கோடும் அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் நிற்கிறது. ஹெக்மன் வகுத்த இலக்கணம் இதுவே.

இதற்குப் பொருள் என்ன? வாயுவின் மேல் விழும் கதிர்கள் தனித்தனியே கடுமையானவை; ஆகவே வாயுவின் ஆழம் வரை ஊடுருவி, அரைகுறையாக அயனியான ஒரு பரந்த பகுதியை உண்டாக்குகின்றன. ஆனால் எண்ணிக்கையில் அவை நீர்த்துப் போனவை. ஆகவே இரண்டு எலக்ட்ரான்களை இழந்த அணுக்களைப் பெருமளவில் நிலைநிறுத்த அவற்றால் முடிவதில்லை. காரம் மிகுந்த மிளகாயைக் கிள்ளி ஒரு பெரிய அண்டா ரசத்தில் போட்டதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். காரம் உண்டு, அளவு போதாது.

இத்தகைய மையங்கள் அபூர்வமானவை என்றால் விட்டுவிடலாம். ஆனால் ஹோ, ஃபிலிப்பென்கோ, சார்ஜென்ட் ஆகிய மூவரும் பலோமார் மலையின் 200 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு 486 அண்மைத் திரள்களை ஆராய்ந்து 1997இல் முடிவுகளை வெளியிட்டபோது, 40 சதவீதத்துக்கு மேற்பட்டவற்றின் மையம் ஏதோ ஒரு வகையில் கிளர்ச்சியுற்றிருப்பது தெரிந்தது. அவற்றிலும் பெரும்பான்மை லைனர் வகையும் அதன் கலப்பு வகையுமே. ஆகவே கேள்வி பெரிதாகிறது. இவையெல்லாம் கருந்துளையின் வேலை என்றால், நம் அக்கம்பக்கத்துத் திரள்களில் ஏறக்குறையப் பாதியில் கருந்துளைகள் இன்றும் இரை தின்றுகொண்டிருக்கின்றன. இல்லை என்றால், நம் கணக்கே தவறு.

சந்தேகத்துக்குரிய நால்வர்

முதலாமவர் கருந்துளை. குவேசாரை எரிக்கும் அதே கைதான், ஆனால் இரை குறைந்துவிட்டது என்பது இக்கட்சி. 1983இல் ஃபெர்லண்ட், நெட்சர் இருவரும், ஹால்பெர்ன், ஸ்டெய்னர் இருவரும் தனித்தனியே, கருந்துளையின் கதிர்களை நீர்க்கச் செய்தால் லைனரின் கோடுகள் கிடைக்கும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

இரண்டாமவர் அதிர்ச்சி அலை. விநாடிக்கு நூறு கிலோமீட்டர் அளவிலான வேகத்தில் வாயு வாயுவோடு மோதினால் அது சூடேறி ஒளிரும். 'என்.ஜி.சி. 1052' என்னும் திரளுக்கு இவ்விளக்கமே 1970களில் முதலில் சொல்லப்பட்டது.

மூன்றாமவர் மிக இளமையும் மிகுந்த வெப்பமும் உடைய பெரு விண்மீன்கள். 1985இல் டெர்லெவிச், மெல்னிக் ஆகியோர் இதை முன்வைத்தனர். ஆனால் இத்தகைய விண்மீன்களின் ஆயுள் சில பத்து லட்சம் ஆண்டுகளே. லைனர்கள் பெரும்பாலும் முதிய திரள்களில் காணப்படுவதால், எல்லா இடத்துக்கும் இவரைப் பொறுப்பாக்க முடியவில்லை.

நான்காமவர்தான் எவரும் எதிர்பாராதவர்: கிழ விண்மீன்கள்! சூரியனைப் போன்ற விண்மீன் முதுமையில் தன் மேலுறையைக் கழற்றி எறிந்த பின், உள்ளேயிருந்த கரு அம்பலமாகிறது. அதன் வெப்பம் ஒரு லட்சம் டிகிரியையும் தாண்டும். அது குளிர்ந்து வெண்குறுமீனாக அடங்கும் முன், சிறிது காலம் கடுமையான புற ஊதாக் கதிர்களை வீசுகிறது. ஒரு கிழவரின் ஒளி அற்பம். ஆனால் ஒரு முதிய திரளில் அவர்களுக்கா பஞ்சம்? 1994இல் பினெட் முதலியோர், இவர்களின் கூட்டு ஒளியே வாயுவை லைனர் போல ஒளிரச் செய்யப் போதும் என்று காட்டினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருந்துளையின் கதிரும் கடுமையானது, நீர்த்தது. கிழ விண்மீன்களின் கதிரும் கடுமையானது, நீர்த்தது. கோடுகளின் விகிதம் நமக்குச் சொல்வது வாயுவை வந்தடைந்த கதிரின் குணத்தை மட்டுமே. அக்கதிரை அனுப்பியவர் யார் என்பதை அது சொல்வதில்லை. கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்து, உறையின் மேல் உள்ள முகவரியை ஊகிப்பது போன்ற பிழைக்கு இங்கே இடம் உண்டு.

நான் செய்த தவறு

அந்தப் பிழையைத்தான் நான் செய்தேன். முதுகலை ஆய்வுக்காக, ஸ்லோன் வான் ஆய்வின் நிறமாலைகளை எடுத்துக்கொண்டேன். அவை உலகில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தக் கூடியவை. கோடுகளின் விகிதத்தைக் கணக்கிட்டு, லைனர் பகுதியில் விழுந்த திரள்களையெல்லாம் 'இரை தின்னும் கருந்துளைகள்' என்ற தலைப்பின்கீழ் அழகாகப் பட்டியலிட்டேன். பல வாரங்கள் இரவு கண் விழித்துச் செய்த வேலை. விடுதியில் எங்கள் தமிழ்ச் சங்கத் தம்பிகளிடம் பெருமையாகச் சொல்லியும் விட்டேன்.

பட்டியலைப் பார்த்த என் பேராசிரியர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். அந்த ஒளி இழையின் வாய்க்குள் திரளின் எவ்வளவு பகுதி அடங்கும் என்று கணக்குப் பார்த்தாயா என்றார். நான் பார்க்கவில்லை. அறைக்கு வந்து பார்த்தேன். இழையின் விட்டம் வானத்தில் 3 விகலை. அதாவது ஒரு பாகையில் 1,200இல் ஒரு பங்கு. மிகச் சிறியதுதான். ஆனால் 30 கோடி ஒளியாண்டு தொலைவில் அந்த 3 விகலை என்பது ஏறத்தாழ 4,400 ஒளியாண்டு அகலம்! கருந்துளையின் வாசலைப் பார்ப்பதாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நூற்றுக்கணக்கான கோடி விண்மீன்கள் குடியிருக்கும் ஒரு நகரத்தையே பார்த்திருந்தேன்.

அடுத்து அவர் சொன்ன சோதனை எளியது. ஹைட்ரஜனின் சிவப்புக் கோட்டின் ஒளியை, அதன் பின்னணியில் உள்ள விண்மீன் ஒளியோடு ஒப்பிட வேண்டும். அகல்களின் எண்ணிக்கை ஊரில் உள்ள வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தானே இருக்கும்? அதுபோல, வெப்பக் கிழ விண்மீன்களின் தொகை மற்ற முதிய விண்மீன்களின் தொகைக்குக் கட்டுப்பட்டது. ஆகவே அவர்களால் உண்டாகும் கோடு, பின்னணியை ஒப்பிட ஓர் அளவுக்கு மேல் உயர முடியாது. சிட் ஃபெர்னாண்டஸ் முதலியோர் 2011இல் அந்த எல்லையை 3 ஆங்ஸ்ட்ராம் என்று வகுத்தனர். அதற்கு மேல் இருந்தால், அகல்களுக்கு அப்பாற்பட்ட வேறொரு நெருப்பு உண்டு. கீழே இருந்தால், கிழ விண்மீன்களே போதும். இத்தகைய திரள்களுக்கு அக்குழுவினர் சூட்டிய பெயர் 'ஓய்வு பெற்ற திரள்கள்'.

அளந்தேன். என் பட்டியலில் ஒவ்வொரு பெயராக அடிபட்டுப் போயிற்று. ஆய்வேட்டின் தலைப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அன்று கற்றதை வேறெந்த வகுப்பிலும் கற்றிருக்க மாட்டேன். எண்கள் ஒன்றுகூடத் தவறில்லை. விகிதங்கள் அனைத்தும் சரி. தவறாக இருந்தது நான் இட்ட பெயர் ஒன்றே.

விலகிப் போய்ப் பார்த்தால்

கொப்பரையையும் அகலையும் பிரித்தறிய இன்னொரு வழியும் உண்டு. ஒரே தீபமானால், அதைவிட்டு இரு மடங்கு தூரம் போனால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகும். மூன்று மடங்கு போனால் ஒன்பதில் ஒன்றாகும். ஊரெங்கும் அகல் எரிந்தால் அப்படி வேகமாகக் குறையாது. போகும் தெருவிலெல்லாம் வெளிச்சம் இருக்கும்.

ஸ்பெயின் நாட்டுக் காலார் ஆல்ட்டோ மலையில் நடந்த 'கலீஃபா' ஆய்வு, திரளின் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியே நிறமாலை எடுத்தது. 2013இல் சிங் முதலியோர், லைனர் போல ஒளிரும் 48 திரள்களை இவ்வாறு சோதித்தார்கள். மையத்திலிருந்து விலக விலக, வாயுவின் ஒளி ஒற்றைத் தீபத்தின் கணக்குப்படி குறையவில்லை. அதைவிட மெதுவாகவே குறைந்தது. விளக்குகள் ஊரெங்கும் பரவியிருக்கின்றன என்பது வெளிப்படை. 2016இல் 'மங்கா' ஆய்வைக் கொண்டு பெல்ஃபியோரே முதலியோரும் இதையே கண்டு, லைனர் என்ற பெயரிலிருந்து 'கரு' என்பதைக் குறிக்கும் எழுத்தை எடுத்துவிட்டு 'லையர்' என்று அழைக்கலானார்கள். ஒளி கருவில் மட்டும் இல்லாதபோது, பெயரில் மட்டும் கரு எதற்கு?

அப்படியானால் கருந்துளை இல்லையா?

அவசரப்பட வேண்டாம். நான் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தவன். மறு பக்கம் சாய்ந்து விழுவதும் விழுவதுதான்.

எம் 81 என்னும் திரள் நமக்கு 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 1981இல் மெக்சிகோவைச் சேர்ந்த பெய்ம்பெர்ட் தம்பதியர், அதன் மையத்தில் ஹைட்ரஜன் கோடு மிக அகன்றிருப்பதைக் கண்டார்கள். வாயு விநாடிக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேகத்தில் சுழன்றாலொழிய அது அவ்வளவு அகலாது. கிழ விண்மீன்கள் வாயுவை ஒளிரச் செய்யலாம். இப்படிச் சுழற்ற முடியாது. அங்கே சுமார் 7 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை உண்டு.

1999இல் விண்ணில் ஏவப்பட்ட சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியும் சாட்சி சொல்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1983இல் நோபல் பரிசு பெற்ற சந்திரசேகரின் பெயர் தாங்கியது அது. அரை விகலை நுட்பத்துடன் லைனர்களை அது நோக்கியபோது, பாதிக்கு மேற்பட்டவற்றின் நடுவில் எக்ஸ் கதிர்ப் புள்ளி ஒன்று தெரிந்தது. கொப்பரை உண்டு! ஆனால் எரகிளியஸ் முதலியோர் 2010இல் 35 லைனர்களின் வரவு செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் அந்தக் கொப்பரையின் கதிர்கள் சுற்றியுள்ள வாயு முழுவதையும் ஒளிரச் செய்யப் போதவில்லை. ஆகவே இரண்டும் உண்மை. மையத்துக்கு மிக அருகில் கருந்துளையின் ஆட்சி. ஆயிரக்கணக்கான ஒளியாண்டுப் பரப்பில் கிழ விண்மீன்களின் ஆட்சி. யார் ஆள்கிறார் என்பது, எவ்வளவு பெரிய வட்டம் போட்டு நாம் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஏன் இவ்வளவு மங்கல்?

இனி ஒரு கேள்வி எஞ்சுகிறது. அவ்வளவு பெரிய கருந்துளை ஏன் இவ்வளவு மங்கி எரிகிறது? ஒரு சூரிய நிறைக்குச் சுமார் 33,000 சூரியன்களின் ஒளி என்பது எடிங்டன் வகுத்த உச்ச வரம்பு. 1935இல் சந்திரசேகரின் கொள்கையை அவையில் மறுத்துப் பேசிய அதே எடிங்டன்தான். அதன்படி எம் 81இன் கருந்துளை 2.3 லட்சம் கோடி சூரியன்களின் அளவுக்கு ஒளிரலாம். ஆனால் ஒளிர்வதோ சில கோடி சூரியன்களின் அளவுக்கே. லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு!

இரை குறைவு என்பது பாதி விடை. மறு பாதியை, சென்னையில் இயற்பியல் பட்டம் பெற்ற ரமேஷ் நாராயணும் அவருடைய மாணவர் இன்சு யியும் 1994, 1995ஆம் ஆண்டுகளில் விரிவாக வகுத்தார்கள். விழும் வாயு மிகவும் மெல்லியதாக இருந்தால், அது தட்டுப் போலப் படியாமல் உப்பிப் போகிறது. உராய்வின் வெப்பத்தைக் கனமான அயனிகள் வாங்கிக்கொள்கின்றன. ஆனால் கதிர் வீசுபவை எலக்ட்ரான்களே. மெல்லிய வாயுவில் அயனிகள் எலக்ட்ரான்களைச் சந்திப்பது அரிது. ஆகவே வெப்பம் கைமாறுவதற்கு முன்பே வாயு கருந்துளைக்குள் போய்விடுகிறது. சம்பளம் வாங்கியவன் வீட்டுக்கு மணியார்டர் அனுப்பும் முன்பே ரயில் ஏறிவிட்டதைப் போல! நெருப்பு இல்லாமல் இல்லை. அதன் ஆற்றல் ஒளியாக வெளிவராமல் உள்ளேயே விழுங்கப்படுகிறது.

நமது பால்வழியின் மையத்தில் 40 லட்சம் சூரிய நிறையுள்ள கருந்துளை சில நூறு சூரியன்களின் அளவே ஒளிர்வதற்கும் இதுவே காரணம் எனக் கருதுகிறார்கள். 5.5 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம் 87இன் கதையும் இதுதான். 2019இல் அதன் நிழற்படம் வெளியானபோது உலகமே வியந்தது. 650 கோடி சூரிய நிறையுள்ள அதன் ஒளி, உச்ச வரம்பில் பத்து லட்சத்தில் சில பங்குதான். ஆனால் அது சும்மாயிருக்கவில்லை. 1918இல் கர்ட்டிஸ் கண்ட நேர்கோடு போன்ற பீற்று, ஆயிரக்கணக்கான ஒளியாண்டு நீளத்துக்கு அங்கிருந்து புறப்படுகிறது. ஒளியில் கருமியாக இருப்பது, உந்து விசையில் வள்ளலாக இருக்கிறது.

நண்பர்களே, விந்திய மலைக்கு வடக்கே வந்து படிக்கும் நமக்கு ஒரு சிறு நன்மை உண்டு. பங்குனி, சித்திரை மாதங்களில் இரவு 9 மணியளவில் வடக்கே சப்தரிஷி மண்டலம் உயர்ந்து நிற்கும். ஊரில் தெரிவதைவிட இங்கே அது இன்னும் மேலே தெரியும். அதன் நான்கு மீன்கள் சேர்ந்த பாத்திரத்தில், பிடி தொடங்கும் மூலையை விட்டுவிடுங்கள். அதற்கு அடுத்த கீழ்மூலையிலிருந்து எதிர்மூலைக்கு ஒரு கோடு இழுத்து, அதே நீளம் மேலும் நீட்டுங்கள். அந்த முனைக்கு அருகே, இருள் மிகுந்த இடத்தில் நல்ல இருகண் நோக்கி கொண்டு பார்த்தால், புகை போன்ற ஒரு திட்டு தெரியும். அதுவே எம் 81. அந்தத் திட்டில் கொப்பரையும் உண்டு, அகலும் உண்டு. விடுதி மாடியில் விளக்கை அணைத்துவிட்டு ஓர் இரவு பார்ப்போம், வாருங்கள். இருகண் நோக்கியை நான் கொண்டு வருகிறேன்.